கல்வராயன் மலைக்கு கரெண்ட் எப்படிப் போகிறது? கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியாளரின் கணக்கு

கரெண்ட் போனால் நாம் தேடுவது லைன்மேனைத்தான். மழையில் நனைந்துகொண்டே கம்பம் ஏறுவது அவர்தான் என்பதால் அது நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பம் ஏன் அங்கே நிற்கிறது, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பத்து வருஷம் கழித்தும் ஊரின் தேவையைத் தாங்குமா என்று முன்பே கணக்குப் போட்ட ஒருவர் இருக்கிறார். 'பவர் சிஸ்டம்ஸ்' பிரிவில் வேலை பார்க்கும் மின் பொறியாளர் அவர். கள்ளக்குறிச்சி மாதிரியான மாவட்டத்தில் அந்தக் கணக்கு லேசானதல்ல.

ஒரே மாவட்டம், இரண்டு உலகம்

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் கள்ளக்குறிச்சி. கீழே சமவெளியில் நெல், கரும்பு, பம்புசெட், அரிசி ஆலை, சர்க்கரை ஆலை என்று தேவை ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. மேலே கல்வராயன் மலையில் கதை வேறு. மலையாளி பழங்குடியினர் வாழும் சிறு சிறு ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்தான்.) ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024-ல் இந்த மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்ததும் நினைவிருக்கலாம்.

சமவெளியில் ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்தால் நூற்றுக்கணக்கான இணைப்புகள் கிடைக்கும். மலையில் அதே தூரத்துக்குச் சில வீடுகள்தான். வெறும் லாபக் கணக்கு பார்த்தால் அந்த லைன் போகவே போகாது. அங்கேதான் திட்டமிடுபவரின் வேலை ஆரம்பிக்கிறது.

கடைசி வீட்டில் பல்பு மங்குவது ஏன்?

கம்பி நீளமாக ஆக, அதன் மின்தடையும் கூடும். போகிற வழியிலேயே வோல்டேஜ் குறைந்து, கொஞ்சம் மின்சாரம் வெறும் சூடாக வீணாகும். இந்த இழப்பு கரெண்டின் அளவோடு நேராகக் கூடுவதில்லை. கரெண்ட் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

உதாரணத்துக்கு, 1 மெகாவாட் மின்சாரத்தை 11 கிலோவோல்ட் லைனில் அனுப்பினால் சுமார் 52 ஆம்பியர் ஓடும். அதையே 33 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 17 ஆம்பியர் சொச்சம்தான். கம்பி அதேதான், ஆனால் இழப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் தூரத்து ஊர்களில் வோல்டேஜ் பிரச்சினைக்கு உண்மையான தீர்வு, புதுக் கம்பம் நடுவதைவிட, பக்கத்தில் ஒரு துணை மின் நிலையம் கொண்டுவருவதாக இருக்கும். ஆனால் செலவு அதிகம். 'இந்த ஊருக்கு எதுக்கு இவ்வளவு?' என்று கோப்பு திரும்பி வரவும் வாய்ப்புண்டு.

30 வீட்டுக்கு எவ்வளவு போதும்?

30 வீடு, வீட்டுக்கு 1 கிலோவாட் என்றால் மொத்தம் 30 கிலோவாட். ஆனால் எல்லா வீட்டிலும் மிக்ஸியும் டிவியும் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் 25 கேவிஏ டிரான்ஸ்பார்மரே போதும் என்று கணக்கு சொல்லும்.

சரி, அடுத்த வருஷம் ஒருவர் 5 எச்பி மோட்டார் போட்டால்? மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அது இழுக்கும் கரெண்ட் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு இருக்கும். மொத்த ஊரும் கண் சிமிட்டும். பிறகு ஒரு மாவு மில் வந்தால்? இன்றைய தேவையை மட்டும் பார்த்துச் சின்னதாக வைத்தால், அந்த ஊரில் மில்லே வராது. மில் இல்லாததால் தேவையும் கூடாது. 'இங்கே டிமாண்ட் இல்லை' என்ற வாதம் இப்படித்தான் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2004-ல் வந்த வரையறைப்படி, ஒரு கிராமத்தில் 10 சதவீத வீடுகளுக்கும் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தாலே அது 'மின்மயமான கிராமம்'. ஒரு கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் மலையில் இந்தக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்று சொல்லத் தேவையில்லை. கிராமத்தை விட்டுவிட்டு வீட்டைக் கணக்கில் எடுத்தது 2017-ல் வந்த சௌபாக்யா திட்டம்தான்.

காட்டுக்குள் கம்பி போக யார் அனுமதி?

மலையில் பெரும்பகுதி வனத்துறை வசம். காட்டு நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆனால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. அரசு அமைக்கும் பள்ளி, சாலை, மின்பாதை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. முக்கியமாக, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது லைன் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் ஊர் மக்களுக்கும் சட்டப்படியே பங்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது.

திட்டம் தப்பினால் என்ன ஆகும்?

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு பல மணி நேர மின்வெட்டில் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேவை ஏறிய வேகத்துக்கு மின் நிலையங்கள் வரவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதிய லைன் இல்லை. தென்மாநில மின்கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு முழுமையாக ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத்தான். மின் நிலையமோ பெரிய லைனோ கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். எனவே இன்றைய மின்வெட்டுக்கான காரணம் பெரும்பாலும் சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு தீர்மானத்தில் இருக்கும். 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்ச தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படி ஒரு நாள் வரும் என்று முன்பே யோசிப்பதுதான் இந்த வேலை.

இதற்கு என்ன படிக்கணும்?

இ.இ.இ. பட்டம் அடிப்படை. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று உயரலாம். எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் படித்தால் லோடு ஃப்ளோ, ஷார்ட் சர்க்யூட் ஆய்வு போன்றவை கைவரும். நாடு முழுக்க எதிர்காலத் தேவையைக் கணிக்கும் மத்திய மின்சார ஆணையத்துக்கு யுபிஎஸ்சி பொறியியல் பணித் தேர்வு வழியாகப் போகலாம். சென்னையில் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரும், பெங்களூருவில் தென்மண்டல மையமும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. மின்பகிர்மானத்தை நேரில் கற்க நினைப்பவருக்கு முதல் பாடம் இன்னும் ஃபீல்டுதான்: லைன்மேனோடு மலைப்பாதையில் நடந்து, மரம் எங்கே விழும், இடி எந்தக் கம்பத்தில் இறங்கும், எந்த வீட்டில் பல்பு மங்குகிறது என்று பார்ப்பது.