குங்குமம் கறுக்கும், வீணை கை மாறும்: தெரியுமா?

150 வருஷத்துக்கு முந்தைய வித்வான் படம் மாதிரியே இன்று ஒரு படம் எடுக்க வேண்டுமா? செபியா ஃபில்டரால் ஆகாது. ஏற்காட்டுக்கு வாருங்கள்!

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற இங்கிலாந்துச் சிற்பி ஒரு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது! நெற்றிக் குங்குமம் கன்னங்கரேலென்று விழும். அரக்குப் பட்டு கறுப்பாகும், வெளிர்நீலப் பட்டு வெளுத்துவிடும். வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு மை தடவியதுபோல் இருக்கும். மஞ்சள் பூசிய முகம்கூட ஒரு படி கறுக்கும். பழைய படங்களில் எல்லாரும் அத்தனை கடுமையாகத் தெரிவதற்குப் ஒரு காரணம் இந்த ரசாயனம்தான்!

ஏற்காடு எதற்கு? கொலோடியனில் ஈதர் இருக்கிறது. அது கொதிப்பது 34.6 டிகிரி செல்சியஸில்! சித்திரை வெயிலில் சேலம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தகடு அவசரமாகக் காய்ந்துபோகும். ஏற்காடு இருக்கும் 1,500 மீட்டர் உயரத்துச் சேர்வராயன் மலைக் குளிரில் கொஞ்சம் நிதானிக்கலாம். மூட்டம் போட்டால் இன்னும் நல்லது, முகத்தில் நிழல் வெட்டாது. 1858-இல் சேலம் ஜில்லாப் படத்தொகுப்பை வெளியிட்ட புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெரும்பாலும் இந்த அவசரம் இல்லாத, முன்கூட்டியே தயாரித்து வைக்கும் மெழுகுக் காகித நெகட்டிவோடு சுற்றினார்.

அவர் எடுத்தது பெரும்பாலும் கோட்டையும் கோயிலும்; அவை ஆடாது. வித்வான் ஆடுவாரே! அதனால் ஸ்டூடியோவில் பின்கழுத்துக்கு இரும்புத் தாங்கி கொடுத்தார்கள். விரல் தந்தியில் இருக்கும், மீட்டாது. மீட்டினால் கை மங்கிப்போகும்.

இன்னொன்று கேளுங்கள். தகட்டையே படமாக வைத்துக்கொண்டால் இடம் வலமாகிவிடும். வீணைக்காரர் இடது கையால் மீட்டுவார்! அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி தி கிட் இடக்கைக்காரன் என்று உலகமே நம்பியது இப்படித்தான்.

வித்வான் படம் என்றதும் தியாகராஜரைத் தேடாதீர்கள். அவர் சமாதியானது 1847-இல், ஆர்ச்சருக்கு நான்கே வருஷம் முன்னால். நாம் கும்பிடும் அவர் முகம் ஓவியர்கள் தந்தது.

பழைய உருவப்படங்களை மறுபடி எடுப்பதில் எனக்கு மிகப் பிடித்தவர் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, ரவிவர்மா ஓவியங்களிலும் பழைய புகைப்படங்களிலும் இருந்த பெண்களாகத் தானே வேஷம் கட்டி நின்றார். பின்திரைகூட வரைந்த திரை!

உங்களிடம் செல்போன்தான் இருக்கிறதா? போதும். வடக்கு ஜன்னலோரம் உட்காரவையுங்கள், பல் தெரியச் சிரிக்க வேண்டாம். எடிட்டிங்கில் சிவப்பையும் பச்சையையும் அணைத்து, நீலச் சானலை மட்டும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கடைசியாகப் படத்தை இடவலமாகத் திருப்புங்கள்.