சிறை சென்று வந்தவருக்கு வேலை கொடுக்கலாமா?

நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சென்ற முறை ஓர் அங்கத்தினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் கடைக்குச் சுமை இறக்க ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் வந்து வேலை கேட்டிருக்கிறார். ஆள் திடகாத்திரமானவர், குடி கிடையாது, கூலியும் கூடுதலாகக் கேட்கவில்லை. விசாரித்ததில் புழல் சிறையில் நான்கு வருடம் இருந்தவர் என்று தெரிந்தது. "சேர்க்கலாமா, கூடாதா?" என்பது கேள்வி. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "கல்லாப் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சேருங்கள்" என்று ஒருவர் சொன்னார். அத்துடன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நாமும் அன்று சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நமக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதைக் கூட்டத்தில் சொல்லத் துணிவு வராததால் இங்கே எழுதுகிறோம்.

செம்பரம்பாக்கத்தில் நாம் மண்டி வைத்து நாற்பது வருடம் ஆகிறது. அப்போது இந்த நெடுஞ்சாலையில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இருக்காது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்பும், 2010இல் ஒரகடத்தில் நிசான் வந்த பின்பும் நிலைமை மாறியது. இன்று நமது சரக்கில் பாதி, தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்கும் கேண்டீன் காண்டிராக்டர்களுக்கும்தான் போகிறது. வியாபாரம் பெருகியதில் ஒரு சங்கடம், மண்டிக்கு ஆள் கிடைப்பதில்லை. கம்பெனி பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது மூட்டை தூக்க யார் வருவார்கள்?

கம்பெனியில் வேலை கிடைக்காதவர்தான் நம்மிடம் வருவார். காண்டிராக்ட் ஏஜென்சிகள் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். ஒரு வழக்கு இருந்தாலும் பெயர் அடிபட்டுவிடும். ஆகவே சிறை சென்று வந்தவர், நியாயமாகத் தண்டனையை முடித்து வந்தவரானாலும் சரி, கடைசியில் கதவைத் தட்டுவது மளிகைக் கடை, மண்டி, ஹோட்டல், லாரி செட்டு ஆகிய இடங்களைத்தான். அரசாங்கம் எத்தனை திட்டம் போட்டாலும் முடிவு செய்வது நம்மைப் போன்றவர்கள்தான் என்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

2009இல் ஒருவர் நம்மிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நிலத் தகராறில் நடந்த ஒரு கொலையில் ஆயுள் தண்டனை பெற்றவர். 2008 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு விழாவை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது நினைவிருக்கலாம். அதில் வந்தவர். வந்த அன்றே எதையும் மறைக்காமல் சொன்னார். "முதலாளி, நான் செய்தது உண்மை. தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்வதானால் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சேர்த்துக்கொண்டோம். நமது தாராள மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். பொங்கல் நெருக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் திறப்பவர் அவர்தான். கிட்டங்கிச் சாவி அவரிடம்தான் இருந்தது. எந்த மூட்டை எந்த அட்டியில் என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். தாம் வந்த விதம் மற்ற ஆட்களுக்குத் தெரிந்திருந்தும், அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

2012இல் ஒரு நாள் இருப்பு எடுத்தபோது சர்க்கரையில் ஆறு மூட்டை குறைந்தது. அன்றைய விலைக்குப் பத்தாயிரம் ரூபாய் பெறும். சிட்டையைப் பார்த்தோம், பேரேட்டைப் பார்த்தோம், இடிக்கவில்லை. சாவி யாரிடம்? அந்தக் கேள்விக்கு மேல் நாம் யோசிக்கவே இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போனோம். "ஆள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்கள். ஆயுள் கைதியாக இருந்தவர் என்று நாமே சொன்னோம். அத்துடன் விசாரணை முடிந்த மாதிரிதான். அன்று மாலையே ரிமாண்டு.

நாற்பத்தேழு நாள் அவர் உள்ளே இருந்தார். ஜாமீன் கேட்க வக்கீல் இல்லை, கையெழுத்துப் போட ஜாமீன்தாரரும் இல்லை. யார் வருவார்கள்? முன் விடுதலை என்பது நிபந்தனையின் பேரில் கொடுப்பது. நிபந்தனையை மீறியதாக அரசு கருதினால் அந்த விடுதலையை ரத்து செய்து, மிச்சத் தண்டனையை அனுபவிக்கத் திரும்ப உள்ளே அனுப்பலாம். ஆயுள் கைதிக்கு மிச்சம் என்றால் என்ன? மிச்ச ஆயுள் பூராவும்தான். ஆறு மூட்டை சர்க்கரைக்காக ஒரு மனிதரின் எஞ்சிய வாழ்நாளையே நாம் பணயம் வைத்திருக்கிறோம் என்பது அன்று நமக்குத் தெரியாது. வக்கீல் சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

மூட்டை எங்கே போயிற்று? ஒரு கேண்டீன் காண்டிராக்டர் பாக்கி தீர்க்க வந்தார். அவர் கொண்டுவந்த துண்டுச் சீட்டில் ஆறு மூட்டை சர்க்கரை எழுதியிருந்தது. கையெழுத்து நம்முடையது. அவசரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே ஏற்றி அனுப்பிவிட்டு, சிட்டையில் ஏற்ற மறந்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்றே வக்கீலைப் பிடித்து, தவறு நம்முடையது என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் ஜாமீன், பிறகு வழக்கு தவறான தகவலின் பேரில் பதிவானது என்று முடிக்கப்பட்டது. செலவு முழுவதும் நாமே ஏற்றோம். அதைச் சொல்லி என்ன பயன்? நாற்பத்தேழு நாளுக்கு ரசீது கொடுக்க முடியுமா?

இது நம் ஒருவர் கதை என்று தள்ளிவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருடக் கணக்கின்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேருக்குத் தீர்ப்பே ஆகவில்லை. 1979இல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், விரைவான விசாரணை ஒவ்வொருவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நமது சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், கிழக்கே பூந்தமல்லி. 21.5.1991 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் பலரும் உயிரிழந்தார்கள். வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் 2022 மே 18ஆம் தேதி விடுதலையானபோது அவருக்கு ஐம்பது வயது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நாம் போகவில்லை. அன்று பிள்ளைகளையும் கணவன்மாரையும் இழந்தவர்களின் வீடுகளும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. தூக்கு என்று தீர்ப்பான 26 பேரில் 19 பேர் ஒன்றரை வருடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். வந்தவர்கள் எங்கே போனார்கள், யார் வேலை கொடுத்தார்கள் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை.

வியாபாரிகளுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 7.7.1908 அன்று அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். (எண்ணெய் வியாபாரம் செய்யும் நமக்கு இந்த வரியை எழுதும்போதே என்னவோ செய்கிறது.) 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்யும் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. தேசமே செம்மல் என்று கொண்டாடும் மனிதருக்கே அந்தக் கதி. கடைசியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தொழில் செய்யும் அனுமதி ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பெயர் சொல்லும்.

இன்று சிறைக்குள்ளேயே தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். புழலில் ரொட்டி, பிஸ்கட் செய்கிறார்கள். சிறைச் சந்தை என்று வைத்து விற்கிறார்கள். இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. 2023இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் ஒன்றும் தொடங்கினார்கள். அங்கே ஒருமுறை வண்டிக்கு டீசல் போட்டோம். அளவில் குறை சொல்ல இடமில்லை, சில்லறையையும் எண்ணித்தான் கொடுத்தார்கள். கைதி செய்யும் வேலைக்கு நியாயமான கூலி வேண்டும் என்று 1998இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தக் கூலியில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். உள்ளே பங்கில் கல்லாவைப் பார்த்த அதே ஆள் வெளியே வந்து நம் கடையில் கல்லா அருகே நின்றால் நாம் ஏன் நெளிகிறோம் என்பதுதான் புரியவில்லை.

சட்டத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. கடைக்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுப் போன பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமுதாய சேவைதான் தண்டனை. கடையில் எண்ணெய்ப் பாக்கெட் எடுத்த பையன் இனிச் சிறைக்குப் போக வேண்டியதில்லை. முதல் முறை வழக்கில் சிக்கிய விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்றும் புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. வேலையாள் திருடிய வழக்கில்கூட, முதலாளி மனம் வைத்தால் நீதிமன்ற அனுமதியுடன் சமாதானமாகப் போகலாம். இது பழைய சட்டத்திலேயே இருந்ததுதான். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. 2017இல் சிறை சென்று வந்த இன்னொருவரைச் சேர்த்தோம். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தார். ஒரு நாள் ஒரகடம் லைனில் வசூலான பதினெட்டாயிரத்துடன் போனவர் போனவர்தான். அந்த வருத்தம் இன்றும் உண்டு. அதே காலத்தில், எந்தச் சிறையையும் பார்க்காத, நல்ல குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பில் புத்தகத்தில் செய்த வேலை அதைவிடப் பெரிய தொகை. அவரை யாரும் கெட்டவர் என்று சொல்வதில்லை, கல்யாணங்களில் இன்றும் வணக்கம் வைக்கிறார்.

சேர்க்க விரும்பும் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மறைமுகமாக விசாரிக்காதீர்கள், அவரையே உட்காரவைத்து நேராகக் கேளுங்கள். சிறைத்துறையில் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆளைப் பற்றி விவரம் கேட்கலாம். முதல் ஆறு மாதம் வசூலுக்கு அனுப்பாதீர்கள், அது யாராக இருந்தாலும் பொருந்தும். இருப்புக் குறைந்தால் முதலில் உங்கள் சிட்டையைப் பாருங்கள், பிறகு உங்கள் சட்டைப்பையைப் பாருங்கள். வழக்கு என்று வந்து, ஆள் ஏழையானால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். கூலியை மட்டும் குறைத்துப் பேசாதீர்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்தானே என்று அரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் கடைகள் நம் வட்டாரத்தில் இருக்கின்றன, அது நமக்கும் தெரியும்.

நம் ஆளின் கதையை முடிக்கவில்லை. வெளியே வந்தவர் மண்டிப் பக்கமே வரவில்லை. நாமும் வீட்டுக்காரம்மாவும் அவர் இருந்த வீட்டைத் தேடிப் போனோம். அவர் தங்கை காப்பி கொடுத்தார். அவர் வெகுநேரம் பேசவில்லை. "நீங்கள் சந்தேகப்பட்டது தப்பில்லை முதலாளி. என் நிலைமை அப்படி. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நமக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்காரம்மாதான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவராகவே வேலைக்கு வந்தார். 2015 டிசம்பர் மழையில் கிட்டங்கிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்த இரவு, பருப்பு மூட்டைகளை ஒற்றை ஆளாகப் பரண் மேல் ஏற்றியவர் அவர்தான். இப்போது அறுபதை நெருங்குகிறார், மூட்டை தூக்க விடுவதில்லை, எடை போட்டுப் பார்ப்பதோடு சரி. சம்பளம் உயர்ந்திருக்கிறது. தங்கை மகள் கல்யாணத்துக்கு நாம்தான் முன்னின்றோம்.

சாவியை மட்டும் அவர் திரும்ப வாங்கவே இல்லை. எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்துவிட்டோம், நம் பையனும் கெஞ்சிப் பார்த்துவிட்டான். "அது உங்களிடமே இருக்கட்டும்" என்பார். இன்றும் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிடுகிறார். நம்மில் யாராவது சாவியோடு வரும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்.