எடிட்டரில் ‘அ’, பில்டு முடிந்ததும் ‘???’: ஏன்?

எழுதும்போது தமிழ் சரியாகத்தான் இருந்தது. பில்டு ஸ்கிரிப்ட் ஓடியதும் ‘அ’ இருந்த இடத்தில் கேள்விக்குறிகள். அதுவும் மூன்று! ஏன் மூன்று?

கோப்புக்குள் எழுத்துகளே கிடையாது, எண்கள்தான். யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள்.

சமையல் குறிப்பில் பொருளின் பெயரை விட்டுவிட்டு, அஞ்சறைப்பெட்டியின் அறை எண்ணை மட்டும் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் 2ஆம் அறை சீரகம், அங்கே வெந்தயம். ரசம் கசக்காமல் என்ன செய்யும்?

எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல் மாறினால் கணினியிலும் இதே கதைதான். பில்டு ஸ்கிரிப்டை ஓட்டும் விண்டோஸ் பவர்ஷெல் 5.1-ஐ எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எந்த முறை என்று காட்டும் அடையாளக் குறி இல்லாத கோப்பை அது யூடிஎஃப்-8 என்று நினைப்பதில்லை. ஆங்கில விண்டோஸில் பெரும்பாலும் 1252 என்ற பழைய பட்டியலைப் புரட்டும். மூன்று பைட்டும் மூன்று தனிக் குறிகளாகும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் இன்னும் மீட்கலாம்.

பைப் வழியாக வேறு நிரலுக்கு அனுப்பும்போதுதான் வினை. அங்கே இயல்பாகப் புரட்டுவது ஆஸ்கி என்ற இன்னொரு பட்டியலை. அதில் 127-க்கு மேல் எண்ணே இல்லை. தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி! பழைய எண் போயே போய்விட்டது.

படிக்கும் இடம், அனுப்பும் இடம் இரண்டிலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பவர்ஷெல் 6 முதல் அதுவே இயல்பு.