பென்டியம் 4, ஆத்லான் 64 செயலிகளின் செயல்திறன் ஒப்பீடு

பென்டியம் 4, ஆத்லான் 64 ஆகியவை 2000களின் முற்பகுதியில் மேசைக்கணினிச் சந்தையில் போட்டியிட்ட இரு செயலிக் குடும்பங்கள் ஆகும். முதலாவதை இன்டெல் நிறுவனம் 2000 நவம்பரிலும், இரண்டாவதை ஏஎம்டி நிறுவனம் 2003 செப்டம்பரிலும் அறிமுகப்படுத்தின. ஆத்லான் 64 3200+ வெளிவந்தபோது சந்தையில் இருந்த பென்டியம் 4 செயலியின் கடிகார வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், ஆத்லானின் வேகமோ 2.0 கிகாஹெர்ட்ஸ். எனினும் பல வேலைகளில் ஆத்லான் இணையாகவும், சிலவற்றில் முந்தியும் இயங்கியது. கடிகார வேகத்தை மட்டும் பார்த்துச் செயலியை மதிப்பிட இயலாது என்பதற்கு இவ்விரண்டும் தெளிவான எடுத்துக்காட்டு.

கடிகார வேகம்

செயலியின் உறுப்புகள் ஒரு கடிகாரத் துடிப்புக்கேற்ப இயங்குகின்றன. 1 கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 100 கோடி துடிப்புகள். ஒரு நொடியில் முடியும் வேலையின் அளவு இரண்டு எண்களின் பெருக்கல் ஆகும்: நொடிக்கு எத்தனை துடிப்புகள், ஒரு துடிப்பில் சராசரியாக எத்தனை கட்டளைகள் முடிகின்றன. மேற்கண்ட இரு செயலிகளில் பென்டியம் 4, 1.6 மடங்கு கூடுதலாகத் துடிக்கிறது. ஒரு துடிப்பில் 1.6 மடங்கு வேலையை முடித்தால் ஆத்லான் 64 அதற்குச் சமமாகிவிடும். பென்டியம் 4-இன் விற்பனைப் பெட்டியில் அச்சிடப்பட்டது இவற்றில் முதல் எண் மட்டுமே. இரண்டாவது எண் வேலைக்கு வேலை மாறுவதால் அதை அச்சிடவும் முடியாது.

பைப்லைன் நீளம்

செயலி ஒவ்வொரு கட்டளையையும் பல படிகளாகப் பிரித்து நிறைவேற்றுகிறது. இந்தப் படிவரிசை பைப்லைன் எனப்படும். படிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் கடிகார வேகத்தை உயர்த்தலாம். பென்டியம் 4 இவ்வழியில் 20 படிகளைக் கொண்டிருந்தது. ஆத்லான் 64-இல் முழு எண் கணக்கீடுகளுக்கு 12 படிகள்.

நிரல் ஓரிடத்தில் இரு கிளைகளாகப் பிரியும்போது, எந்தக் கிளை தேவைப்படும் என்று செயலி முன்கூட்டியே கணித்து வேலையைத் தொடங்கிவிடும். கணிப்பு தவறினால் பாதியில் உள்ள வேலை வீணாகி, பைப்லைன் மீண்டும் நிரம்ப வேண்டும். பென்டியம் 4-இன் ஒரு துடிப்பு 0.3125 நானோநொடி, 20 படிகளுக்கு 6.25 நானோநொடி ஆகும். ஆத்லானின் ஒரு துடிப்பு 0.5 நானோநொடி, 12 படிகளுக்கு 6 நானோநொடி. அதாவது, இந்த இடத்தில் உயர்ந்த கடிகார வேகத்தால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

நினைவகத் தொடர்பு

பென்டியம் 4-இல் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஆத்லான் 64-இல் அது செயலிக்குள்ளேயே அமைந்ததால் தரவுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆனால் தரவின் மொத்த அளவில் நிலைமை வேறு.

- பென்டியம் 4 (3.2 கிகாஹெர்ட்ஸ்): இரண்டாம் நிலை கேஷ் 512 கிலோபைட், இரட்டைத் தட நினைவகத்துடன் நொடிக்கு 6.4 கிகாபைட் வரை.
- ஆத்லான் 64 3200+ (சாக்கெட் 754): இரண்டாம் நிலை கேஷ் 1 மெகாபைட், ஒற்றைத் தட நினைவகத்துடன் நொடிக்கு 3.2 கிகாபைட் வரை.

வேலைக்கேற்ற முடிவு

விளையாட்டுகளில் கிளைகள் அதிகம். தரவும் நினைவகத்தின் பல இடங்களிலிருந்து சிறுசிறு அளவில் தேவைப்படும். இவற்றில் ஆத்லான் 64 பெரும்பாலும் முந்தியது. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதில் ஒரே வகைக் கணக்கு நீண்ட தரவு வரிசையின் மேல் திரும்பத் திரும்ப நடக்கும், கிளைகள் குறைவு. உயர்ந்த கடிகார வேகமும் அகன்ற நினைவகத் தடமும் இங்கு பயன்பட்டதால் பென்டியம் 4 பெரும்பாலும் முந்தியது. இரண்டு நிரல்தொடர்களை ஒரே நேரத்தில் கையாளும் ஹைப்பர்-திரெடிங் வசதியும் அதற்குத் துணைசெய்தது. ஆகவே 'எது வேகமானது' என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை; 'எந்த வேலைக்கு' என்பதும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

பின்விளைவு

2004 பிப்ரவரியில் வந்த 'பிரெஸ்காட்' வகைப் பென்டியம் 4-இல் பைப்லைன் 31 படிகளாக நீண்டது. வெப்பமும் மின்செலவும் தடையாக நிற்க, பென்டியம் 4 குடும்பம் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் செயலித் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுயோ 14 படிகளையே கொண்டது. குறைந்த கடிகார வேகத்திலேயே அது பென்டியம் 4-ஐ விஞ்சியது.

ஒப்பிடும் முறை

இரு செயலிகளை ஒப்பிடும்போது பின்வருவன கவனிக்கப்பட வேண்டும்:

1. பயனர் உண்மையில் செய்யவிருக்கும் வேலையையே இரண்டிலும் இயக்கி, ஆகும் நேரத்தை அளக்க வேண்டும்.
2. வரைகலை அட்டை, வன்தட்டு, இயங்குதளம் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். நினைவகத்தின் அளவும் சமமாக இருக்க வேண்டும்.
3. விளையாட்டைக் குறைந்த திரைத் துல்லியத்தில் சோதிக்க வேண்டும். உயர் துல்லியத்தில் வரைகலை அட்டையே வேகத்தைத் தீர்மானிப்பதால் செயலிகளின் வேறுபாடு மறைந்துவிடும்.
4. சோதனையைப் பலமுறை நடத்திச் சராசரி காண வேண்டும்.
5. செயலியின் விலையோடு மதர்போர்டு, நினைவகம், குளிர்விப்பான் ஆகியவற்றின் விலையையும், மின்செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஒரே வடிவமைப்பைக் கொண்ட, கேஷ் அளவும் ஒத்த இரு செயலிகளுக்கிடையில் மட்டும் கடிகார வேகத்தை நேரடி அளவுகோலாக ஓரளவு கொள்ளலாம்.