ஆர்வி ஜாக்கிக்கு நிரந்தர ரப்பர் பேட்: வாங்கலாமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்வி ஓட்டுகிறவர்கள் முகாம் மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது வண்டியின் மட்டத்தை. ஆர்வி என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய வண்டி. பேருந்து போலத் தானே ஓடுவது மோட்டார்ஹோம். பிக்கப் டிரக்கின் சரக்குத் தட்டுக்குள் கொக்கி போட்டு இழுக்கப்படுவது ஃபிஃப்த் வீல். பின் பம்பர் பக்கம் மாட்டி இழுக்கப்படுவது டிராவல் டிரெய்லர். பெரிய வண்டிகளின் அடியில் நான்கோ ஆறோ ஜாக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அவை இறங்கித் தரையை ஊன்றி, தாழ்ந்திருக்கும் பக்கத்தைத் தூக்கிச் சமன் செய்யும்.

சொல்வதற்கு ஒரு பொத்தான்தான். ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னால் யாராவது ஒருவர் கீழே இறங்கி, ஒவ்வொரு ஜாக்கியின் பாதத்துக்கும் நேராக ஒரு பலகையையோ பிளாஸ்டிக் கட்டையையோ தள்ளி வைக்க வேண்டும். ஜாக்கி இருப்பது வண்டியின் விளிம்பிலிருந்து ஓரடி ஒன்றரையடி உள்ளே. மண்டியிட்டுக் கையை நீட்டினால்தான் எட்டும். மறுநாள் காலை கிளம்பும்போது, சேறு அப்பிய அதே பலகைகளை வெளியே இழுத்துத் தட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். ஆர்வி வைத்திருப்பவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். முழங்கால் வலியும் முதுகு வலியும் உள்ளவர்களுக்கு மழை நாளில் இது சின்ன வேலை இல்லை.

இந்த வேலையைத் தவிர்க்கத்தான் நிரந்தர பேட் வந்தது. ஜாக்கியின் இரும்புப் பாதத்தைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் தடித்த ரப்பர் வட்டு அது. ஒருமுறை மாட்டினால் கழற்ற வேண்டாம்; ஜாக்கியோடு இறங்கி ஜாக்கியோடு ஏறும். இந்தச் சந்தையில் பலரும் அறிந்த பெயர் ஸ்நாப்பேட். கனடாவைச் சேர்ந்த இந்த நிறுவனம், பழைய டயர்களை மறுசுழற்சி செய்த ரப்பரில் இதைத் தயாரிக்கிறது. மாட்டுவது எளிது. பேட்டின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, பாதத்துக்கு நேர் கீழே வைத்து ஜாக்கியை இறக்கினால், வண்டியின் எடையே பாதத்தை ரப்பருக்குள் அழுத்தி உட்கார வைத்துவிடும். போல்ட் கிடையாது, பசை கிடையாது. ஒரு வண்டிக்கான தொகுப்புக்குச் சில நூறு டாலர் ஆகும்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்க்கும் முன், மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறுவது, குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்குவது, பக்கவாட்டில் வெளியே நீளும் அறை சிக்கிக்கொள்வது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த தொல்லைகள். பலரும் கவனிக்காதது குளிர்சாதனப் பெட்டி. பழைய ஆர்விகளில் இருப்பது எரிவாயுவின் சூட்டில் இயங்கும் அம்மோனியா வகை. அதில் கம்ப்ரசர் இல்லை. திரவம் புவியீர்ப்பால்தான் குழாய்களில் வழிந்து ஓடுகிறது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே படிவு அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு அதைச் சீர்செய்வது கடினம். நார்கோல்ட் நிறுவனம் தன் பெட்டிகளுக்குச் சொல்லும் எல்லை பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. புதிய வண்டிகளில் வரும் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். பேட் வாங்குவதா வேண்டாமா என்பதற்கான விடை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம்கள் பலவும் ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தில் கட்டப்படுகின்றன. சுமையோடு 24,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 10,900 கிலோ வரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு ஜாக்கி 5,000 பவுண்டைத் தாங்குகிறது. பாதம் 9 அங்குல வட்டம் என்றால் பரப்பு ஏறத்தாழ 64 சதுர அங்குலம். ஆக, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 79 பவுண்டு. இது டயரில் காற்றுப் பிடிக்கும்போது நாம் சொல்லும் அதே பிஎஸ்ஐ. பாதத்தில் 11 அங்குல ரப்பர் பேட் மாட்டினால் பரப்பு 95 சதுர அங்குலமாகிறது. அழுத்தம் 53 பிஎஸ்ஐக்கு இறங்குகிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பலகை வைத்தால் பரப்பு 324 சதுர அங்குலம். அழுத்தம் 15 பிஎஸ்ஐ தான்.

இந்த எண்களைத் தரையோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகளில், மண் பரிசோதனை செய்யாத இடங்களில் அடித்தளம் போட எவ்வளவு அழுத்தம் அனுமதிக்கலாம் என்று ஓர் அட்டவணை உண்டு. களிமண்ணுக்குச் சதுர அடிக்கு 1,500 பவுண்டு, மணல் கலந்த சரளைக்கு 3,000. பிஎஸ்ஐயில் சொன்னால் முறையே 10, 21. காலம் முழுக்க நிற்கும் வீட்டுக்கான எண்கள் என்பதால் பாதுகாப்புக்காகத் தாராளமாகக் குறைத்து வைத்திருப்பார்கள். ஓரிரவு நிற்கும் வண்டிக்கு அதைப் போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு வரை தரை தாங்கிக்கொள்ளும் என்றே வைப்போம். அப்போதும் இறுகிய சரளையில் பேட் தரும் 53 பிஎஸ்ஐ ஏறக்குறைய நிற்கும். ஈரக் களிமண்ணில் புதையும். பலகை தரும் 15 பிஎஸ்ஐயோ இரண்டிலும் நிற்கும். மெத்தென்ற மண்ணை ரப்பர் பேட்டால் கெட்டித் தரையாக்க முடியாது. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. வாங்குபவர் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரப்பர் வளையும். இரும்புப் பாதத்துக்கு வெளியே நீளும் ரப்பர் விளிம்பு, மென்மையான மண்ணில் கொஞ்சம் மேல்நோக்கி மடங்கிச் சுமையின் முழுப் பங்கையும் வாங்காமல் விட்டுவிடும். அதனால் 53 என்று கணக்கில் வருவது நடைமுறையில் இன்னும் கூடும். கிரேன்களின் பக்கவாட்டுக் கால்களுக்கு அடியில் தடித்த மரத்தையோ கெட்டிப் பிளாஸ்டிக் பலகையையோ வைப்பது இதனால்தான். அகலம் மட்டும் போதாது, விறைப்பும் வேண்டும். முக்கால் அங்குல ப்ளைவுட் ஒற்றையாக வைத்தால் அதுவும் வளையும். இரண்டு துண்டுகளை இழை குறுக்காக வரும்படி ஒட்டித் திருகாணி போட்டால் நிற்கும். எட்டடிக்கு நான்கடி ப்ளைவுட் தாள் ஒன்றில் ஒன்றரை அடிச் சதுரங்கள் பத்து வெட்டலாம். நான்கு ஜாக்கிகளுக்கு இரட்டைப் பலகை செய்த பிறகும் இரண்டு மிஞ்சும். செலவு ரப்பர் தொகுப்பில் சிறு பங்குதான்.

சரி, மோட்டார்ஹோமின் டயரே 80 முதல் 110 பிஎஸ்ஐ காற்றோடு அதே தரையில்தானே நிற்கிறது, ஜாக்கி மட்டும் ஏன் புதைய வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டயர் நிற்கும் தடம் எத்தனையோ வண்டிகள் ஏறி இறங்கி இறுகியது. ஜாக்கி இறங்குவது பெரும்பாலும் அந்தத் தடத்துக்கு வெளியே, யாரும் மிதிக்காத இடத்தில். தரை சாய்வாக இருந்தால் தாழ்ந்த பக்க ஜாக்கி 5,000 பவுண்டைவிட அதிகமாகவே சுமக்க வேண்டி வரும்.

ஆகவே பேட்டின் உண்மையான பயன் கெட்டியான தரையில்தான். கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு முற்றத்துக் கான்கிரீட்டே 2,500 பிஎஸ்ஐக்குக் குறையாத வலுவோடு ஊற்றப்படுகிறது. ஜாக்கியின் பாதத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெறும் இரும்பு அதில் வழுக்கும், கீறும், மழை பெய்தால் துருக்கறையை வட்டமாக விட்டுச் செல்லும். ரப்பர் இந்த மூன்றையும் தடுக்கிறது. மணல் மேல் பதித்த நடைபாதைக் கற்களின் விளிம்பு உடைவதையும் குறைக்கிறது. உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கறை விட்டுப் போவது யாருக்கும் பிடிக்காது.

தார் தரையின் குணம் வேறு. சென்னை வெயிலில் பைக்கின் பக்க ஸ்டாண்டு தார் சாலையில் குழி போட்டு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சூடேறிய தார் மெல்ல மெல்ல இளகி நகரும். சுமை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு பள்ளம். அரிசோனா, டெக்சாஸ் கோடையில் ரப்பர் பேட் இதைத் தள்ளிப்போடும், முழுதும் தடுக்காது. அமெரிக்காவில் சில வால்மார்ட் கடைகள் மேலாளரிடம் கேட்டால் வாகன நிறுத்தத்தில் ஓரிரவு தங்க அனுமதிக்கின்றன. அங்கே பேட் இருக்கிறதே என்று ஜாக்கியை இறக்குவது தவறு. எஸ்கேப்பீஸ் ஆர்வி கிளப் போன்ற அமைப்புகள் பரப்பும் நன்னடத்தை விதிகள், தார் தரையில் ஹைட்ராலிக் ஜாக்கியை இறக்காதீர்கள் என்கின்றன. நிறுத்த இடம் கொடுப்பவரின் தரையைக் கெடுத்தால், அடுத்து வருபவருக்கு அந்த இடம் கிடைக்காமல் போகும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? தானாக மட்டம் பார்க்கும் ஜாக்கிகள் உள்ள மோட்டார்ஹோமோ ஆறு ஜாக்கி ஃபிஃப்த் வீலோ வைத்திருந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊர் மாறி, பெரும்பாலும் கான்கிரீட்டோ சரளையோ போட்ட முகாம்களில் தங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கோ ஆறோ முறை குனிந்து எழும் வேலை மிச்சமாகும், காலையில் பலகையை மறந்துவிட்டுக் கிளம்பும் பிரச்சினையும் போகும். மூட்டு வலி இருந்தால் பணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

குளிருக்கு அஞ்சி அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்துக்கோ ஃபுளோரிடாவுக்கோ போய் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண். பருவத்துக்கு ஒருமுறை குனிந்தால் போதும் என்கிறபோது, அகலமான பலகைதான் அவர்களுக்குச் சிறந்தது. நீண்ட நாள் நிற்கும் சுமைக்குத் தரை மெல்ல மெல்ல இடம் கொடுக்கும் என்பதால் பரப்பு இன்னும் முக்கியமாகிறது. மழைக்காலத்தில் புல்தரையிலும் வயல் ஓரத்திலும் தங்குகிறவர்கள் ரப்பரை மட்டும் நம்பவே கூடாது.

சாதாரண டிராவல் டிரெய்லருக்கும் வேண்டாம். அதன் நான்கு மூலைகளில் இருப்பவை ஆட்டத்தைக் குறைக்கும் முட்டுகள் மட்டுமே, வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. அந்த வண்டியை மட்டமாக்குவது டயருக்கு அடியில் வைக்கும் கட்டைகள்தான். லிங்க்ஸ் போன்ற, ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளே அங்கே போதும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், முதலில் ஜாக்கியின் தயாரிப்பு நிறுவனத்தையும் மாடலையும் பாருங்கள். லிப்பர்ட், ஹெச்டபிள்யூஹெச், ஈக்வலைசர் என ஒவ்வொருவரின் பாதத்துக்கும் வடிவமும் விளிம்பின் தடிமனும் வேறு. வட்டமா, சதுரமா, எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். தளர்வாக இருந்தால் ஒட்டும் சேறு பேட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளும். ஜாக்கி முழுதாக மேலேறிய நிலையில், பேட்டின் தடிமன் அளவுக்குத் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும். ஏற்கெனவே தாழ்வாகத் தொங்கும் ஜாக்கி என்றால் பெட்ரோல் நிலைய மேடுகளில் அது உரசும். அகலம் கூடிய பேட் மேலேறும்போது பக்கத்தில் உள்ள புகைக்குழாயையோ டயரையோ தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பனி உறையும் ஊர்களில் ரப்பர் தரையோடு ஒட்டி உறைந்துவிடும். ஜாக்கியைத் தூக்கும் முன் கீழே ஒரு பார்வை தேவை.

பேட்டால் அதன் தடிமனுக்கு மேல் உயரம் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். சரிவான இடத்தில் ஜாக்கி முழுதாக நீண்டும் வண்டி மட்டத்துக்கு வரவில்லை என்றால், கட்டை வைத்தே ஆக வேண்டும். அப்போது பேட் மாட்டிய பாதத்தைக் கட்டையின் நடுவில் இறக்குங்கள், ஓரத்தில் வேண்டாம்.

பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின் டயர்கள் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு ஜாக்கியை ஏற்றாதீர்கள். மோட்டார்ஹோமின் நிறுத்த பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அவை அந்தரத்தில் இருந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஜாக்கிகள் சாய்ந்து வண்டி உருண்டுவிடும். சக்கரத்துக்குத் தடைக்கட்டை வையுங்கள், ஜாக்கியின் பலத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எதற்காகவும் நுழையாதீர்கள். ரப்பர் பேட் மாட்டிய பிறகும் நான்கு நல்ல பலகைகள் வண்டியிலேயே இருக்கட்டும்.