சூரியன் கொதிப்பதைப் பார்த்த மலை

சித்திரை மாதத்தில் திண்டுக்கல் சமவெளியின் செம்மண் காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும். சூடேறிய காற்று மேலெழுந்து கோடை மலைச் சரிவில் ஏறும். பல நாள் நண்பகலுக்குள் அதுவே மேகமாகத் திரண்டுவிடும். மலைமேல், ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அதனால் அதிகாலைதான் நல்ல நேரம். காற்று கலங்கினால் படமும் கலங்கும்.

அங்கே பார்க்கப்படுவதும் இதே சலனம்தான். சூரியனின் மையத்தில் பிறக்கும் வெப்பம், ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு தூரம் கதிர்வீச்சாகவே வருகிறது. எஞ்சிய இரண்டு லட்சம் கிலோமீட்டரில் வாயு ஒளியை எளிதில் விடுவதில்லை. எனவே வாயுவே வெப்பத்தைச் சுமந்து மேலேறி, மேற்பரப்பில் அதை இறக்கிவிட்டு, குளிர்ந்து கீழே போகிறது. உலையில் அரிசி புரள்வது போன்ற இந்தச் சலனத்தில், ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள குமிழ்கள் சுமார் பத்து நிமிடத்தில் தோன்றி மறைகின்றன.

1901-இல் இங்கு பணி தொடங்கியபோது இது மதுரை ஜில்லா. மோட்டார் ஏறும் மலைச்சாலை இல்லை. 1904 முதல் கால்சியத்தின் ஊதா ஒளியில் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படமெடுத்தார்கள். வானம் தெளிந்த நாளெல்லாம் தட்டு போடுவதும் இருட்டறையில் கழுவுவதும்தான் வேலை. படத்தின் விட்டம் 60 மில்லிமீட்டர்.

1909 ஜனவரியில் இங்கு பணியாற்றிய ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியில் காந்தப்புலம் இருப்பதை அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர் கண்டிருந்தார். வாயு சுழல்காற்றைப் போலச் சுற்றும் என்பது எதிர்பார்ப்பு. தட்டில் தெரிந்ததோ வேறு. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறமாலைக் கோட்டின் மயிரிழைச் சாய்வில் அவர் அதைப் படித்தார். இன்றும் உலகெங்கும் அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர்.

ஏன் அப்படி ஓடுகிறது என்பதற்கு அன்று விடை இல்லை. காந்தப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுப்பதால்தான் புள்ளி குளிர்ந்து கருக்கிறது என்று 1941-இல் பியர்மான் என்ற ஆய்வாளர் சொன்னார். காந்தப்புலமும் சுழற்சியும் சலனம் தொடங்குவதை எப்படித் தள்ளிப்போடுகின்றன என்பதைக் கணக்கிட்டு, 1961-இல் தடித்த நூலாக எழுதிவைத்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். எவர்ஷெட் கண்ட ஓட்டம், தடைபட்ட சலனம் பக்கவாட்டில் வழி தேடுவது என்றே இன்று புரிந்துகொள்கிறார்கள்.

பழைய தட்டுகளில் இன்னொன்றும் இருந்தது. சூரிய வட்டம் முழுக்க மங்கலான ஒரு வலை. அதன் ஒவ்வொரு கண்ணும் சுமார் 30,000 கிலோமீட்டர். 60 மில்லிமீட்டர் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வலை அன்றே தெரிந்தது. ஒரு நாள் அளவு உயிர்வாழும் பெரிய சலனக் குமிழ்களின் ஓரம் அது என்பது 1960-களில்தான் உலகுக்குத் துலங்கியது. 1981-இல் ஜக்தேவ் சிங்கும் வைணு பாப்புவும் பழைய தட்டுகளை எடுத்து அளந்து, சூரியப் புள்ளிகள் மிகும் காலத்தில் வலைக்கண்கள் சற்றுச் சிறுக்கின்றன என்று எழுதினார்கள். எடுத்தவர்கள் அறியாத கேள்விக்குத் தட்டுகள் சாட்சி சொல்லியிருக்கின்றன! எனக்கு இந்த ஆய்வகத்தின் பெருமையே இதுதான்.

1960 வாக்கில் 11 மீட்டர் கோபுரத்தில் கண்ணாடிகளும், 60 மீட்டர் சுரங்கமும் கொண்ட தொலைநோக்கி வந்தது. கால்சியத் தட்டு வரிசை 2007-இல் நின்றது; இப்போது மின்னணுக் கேமரா. பழைய தட்டுகள் கணினிக்கு மாறி, எந்த நாட்டு ஆய்வாளருக்கும் எட்டுகின்றன. ஹவாயில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கி 2020-இல் குமிழ்களுக்கு உள்ளேயே 30 கிலோமீட்டர் நுணுக்கம் காட்டியது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று கால்சிய ஒளியிலும் பார்க்கிறது. அதற்குச் சமவெளிக் காற்றின் தொல்லையும் இல்லை, மேகமும் இல்லை.

கூர்மை கூடிவிட்டது, தட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரே ஆள் நெடுநேரம் பார்த்திருக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. சூரியப் புள்ளிகளின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள். ஆதித்யா இன்னும் ஒரு சுற்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. சுற்றுக்குச் சுற்று வலை எப்படி மாறியது என்று கேட்பவர் இன்றும் 1904-இல் தொடங்கும் அந்தக் கண்ணாடித் தட்டுகளைத்தான் திறக்கிறார்.