ஒரே கட்டுரைக்கு 64 மார்க்கா? 98 மார்க்கா?

பரீட்சை முடிந்து விடைத்தாள் வீட்டுக்கு வருகிறது. கணக்கில் நல்ல மார்க். கட்டுரையில் மட்டும் குறைந்துவிட்டது.

"ஏன் குறைந்தது?" என்று அப்பா அதட்டுகிறார். பையனுக்குப் பதில் தெரியவில்லை. அழுகைதான் வருகிறது.

அந்தக் கேள்வியைப் பையனிடம் மட்டும் கேட்டால் போதாது. தாளைத் திருத்தியவரிடமும் கேட்க வேண்டும். இதை அமெரிக்காவில் 2 பேராசிரியர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

142 ஆசிரியர்கள்

அவர்கள் பெயர் ஸ்டார்ச், எலியட். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். மாணவர்கள் எழுதிய 2 ஆங்கில விடைத்தாள்களை நகல் எடுத்து, பல பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். அந்த முடிவு 1912-ம் ஆண்டில் வெளியாயிற்று.

படித்தவர்கள் திகைத்துப் போனார்கள்!

முதல் தாளுக்கு ஒருவர் 64 மார்க் போட்டிருந்தார். இன்னொருவர் 98 போட்டிருந்தார். இரண்டாவது தாளுக்கு மார்க் 50 முதல் 97 வரை போயிற்று. தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது திருத்திய கைதான்.

"கட்டுரை என்றால் அப்படித்தான். கணக்கில் இந்தத் தகராறு வராது" என்று நீங்கள் சொல்லலாம். 1913-ல் அவர்கள் ஒரு ஜியோமிதித் தாளையும் இதேபோல் அனுப்பினார்கள். அதற்கு ஒருவர் போட்டது 28. இன்னொருவர் போட்டதோ 90-க்கும் மேல்! சிலர் விடையை மட்டும் பார்த்தார்கள். சிலர் தாள் சுத்தமாக இல்லை என்று மார்க்கைக் குறைத்தார்கள்.

ஆளுக்கொரு கண்

காரணம் என்ன? 1961-ல் டீடரிக் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் அதைக் கண்டுபிடிக்க முயன்றார்கள்.

கல்லூரி மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஆசிரியர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, பத்திரிகை ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், வியாபார நிர்வாகிகளும் உண்டு. தரம் பார்த்து 9 அடுக்காகப் பிரிக்கும்படி சொன்னார்கள். எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

300-ல் 101 கட்டுரைகள் 9 அடுக்கிலும் விழுந்தன! ஒருவருக்கு முதல் தரமாகத் தோன்றிய கட்டுரை, இன்னொருவருக்குக் கடைசித் தரமாகத் தோன்றியது.

அவர்கள் ஏமாற்றவில்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார். ஒருவர் பிழையை எண்ணினார். ஒருவர் வரிசை ஒழுங்கைக் கவனித்தார். ஒருவருக்குச் சொற்கள் முக்கியம். ஒருவருக்கு எழுத்தில் உள்ள சுவை முக்கியம். ஆளுக்கு ஒரு தராசு!

என்ன வழி?

தராசை ஒன்றாக்குவதுதான் வழி. எதற்கு எத்தனை மார்க் என்று முன்னதாகவே எழுதி வைக்கிறார்கள். மாதிரிக் கட்டுரைகளைக் காட்டி, திருத்துவோருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரே தாளை 2 பேர் தனித்தனியே திருத்துகிறார்கள்.

அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் 'சாட்' பரீட்சையில் 2005-ல் கட்டுரை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கட்டுரையையும் 2 பேர் திருத்தினார்கள். ஒருவர் 1 முதல் 6 மார்க் வரை போடலாம். இருவருக்கும் ஒரு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், மூன்றாவது ஆளிடம் தாள் போகும். நல்ல ஏற்பாடு! ஆனால் ஆளும் நேரமும் அதிகம் வேண்டும். 2016-ல் அந்தக் கட்டுரை கட்டாயம் இல்லை என்று ஆயிற்று. 2021-ல் பெரும்பாலும் நின்றுவிட்டது.

எந்திரம் திருத்தினால்?

எந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை. அதனிடம் விட்டுவிடலாமே?

இந்த யோசனையும் பழையதுதான். 1966-லேயே எல்லிஸ் பேஜ் என்ற பேராசிரியர் கம்ப்யூட்டர் மூலம் கட்டுரை திருத்தும் முறையைச் சொன்னார். கட்டுரையின் நீளம், சொல்லின் நீளம், காற்புள்ளி இவற்றையெல்லாம் எந்திரம் எண்ணியது.

ஆனால் 2014-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பெரல்மன் என்ற ஆசிரியரும் சில மாணவர்களும் ஒரு கம்ப்யூட்டர் நிரல் செய்தார்கள். அது பெரிய பெரிய சொற்களைக் கோத்து, பொருளே இல்லாத கட்டுரை எழுதும். அந்த உளறலுக்கும் எந்திரம் நல்ல மார்க் போட்டது!

பெற்றோர்களே!

ஒரே ஒரு மார்க்கை வைத்து, "இவனுக்கு எழுத வராது" என்று முடிவு கட்டாதீர்கள். அந்தச் சொல் குழந்தையின் மனதில் தங்கிவிடும். பிறகு பேனாவைத் தொடவே பயப்படுவான்.

மார்க்கைப் பார்க்கும் முன், அந்தக் கட்டுரையைக் குழந்தையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சொல்ல வந்தது உங்களுக்குப் புரிகிறதா? புரிந்தால் பாராட்டுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, "இங்கே என்ன சொல்ல நினைத்தாய்?" என்று கேளுங்கள். வாயால் சொல்லியதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டுரை நன்றாக வர அது உதவும்.